ரெண்டு பேரிடம் வழி கேட்டவன்

சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பிய மறுநாள் காலை. நான்கு நாள் லீவு முடிந்து லேப்டாப்பைத் திறந்தேன். கம்பெனி சென்னையில், நான் மதுரை திருநகரில், வீட்டிலிருந்தே கம்பெனி நெட்வொர்க்குக்குள் நுழைய நடுவில் ஒரு விபிஎன். டைம்ஷீட் நிரப்பும் பக்கம் திறக்கவில்லை. திறக்கவில்லை என்பதுகூடச் சரியில்லை. திறந்தது. திறந்து, 'இந்தப் பக்கத்தைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை' என்றது.

திருவிழாவுக்கு லீவு போட்டதில் சீட்டைக் கிழித்துவிட்டார்களோ என்றுதான் முதலில் தோன்றியது. மெயில் வந்துகொண்டிருந்தது, மீட்டிங் அழைப்பும் வந்தது. அப்படியானால் வேலை இருக்கிறது. சப்போர்ட்டுக்கு போன் போட்டேன்.

"விபிஎன் கனெக்ட் ஆகியிருக்கா சார்?"

"ஆகியிருக்கு சார். பச்சையா காட்டுது."

"ஒருதடவ டிஸ்கனெக்ட் பண்ணிட்டு மறுபடி பண்ணுங்க."

பண்ணினேன். அதே பக்கம், அதே பதில். கறுப்பு ஜன்னலைத் திறந்து, சர்வர் பதில் சொல்கிறதா என்று பார்க்க பிங் அடிக்கச் சொன்னார். டைம்ஷீட் சர்வரின் பெயரைப் போட்டு அடித்தேன். 10 என்று தொடங்கும் உள் முகவரி ஒன்றிலிருந்து நான்கு பதில்களும் சுத்தமாக வந்தன. "பிங் போகுது சார். அப்ப நெட்வொர்க் பக்கம் ஒண்ணும் இல்ல. உங்க அக்கவுண்ட்லதான் ஏதோ" என்று டிக்கெட்டை வேறொரு குழுவுக்குத் தள்ளிவிட்டார். அந்தக் குழு என் அக்கவுண்ட்டைப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது, நெட்வொர்க்கைப் பாருங்கள் என்று திருப்பி அனுப்பியது. இரண்டு நாள் இப்படியே பந்தாட்டம். விபிஎன் மென்பொருளை மூன்று முறை அழித்து மூன்று முறை ஏற்றினேன். ரவுட்டரை அணைத்துப் போட்டேன். பிரவுசரின் வரலாறு, குக்கி, சேர்த்துவைத்த பாஸ்வேர்டு எல்லாவற்றையும் துடைத்தேன். அதில் வங்கி பாஸ்வேர்டும் சேர்ந்து போனது தனிக்கதை.

மூன்றாம் நாள், எங்கள் குழுவில் தேனியிலிருந்து வேலை பார்க்கும் பெண் ஒருத்தி சாவகாசமாகக் கேட்டாள்: "அண்ணா, எட்ஜ்ல திறந்து பாத்தீங்களா?"

வழக்கமாக நான் திறப்பது குரோம் பிரவுசரில். எட்ஜ் பிரவுசரில் திறந்தேன். டைம்ஷீட், நான்கு நாள் வெற்றுக் கட்டங்களோடு, எதுவுமே நடக்காதது மாதிரி வந்து நின்றது.

ஒரே லேப்டாப், ஒரே விபிஎன், ஒரே வைஃபை. எட்ஜுக்கு ஒரு பதில், குரோமுக்கு வேறொரு பதில். அப்போதுதான் பொறி தட்டியது. அக்கவுண்ட் பார்த்தவர்கள் மேலும் நெட்வொர்க் பார்த்தவர்கள் மேலும் பிழை இல்லை. ஆறு மாதத்துக்கு முன் குரோமில் ஒரு செட்டிங்கைத் தட்டிவிட்டு, மூத்தபிள்ளை மாதிரி வீட்டையே காப்பாற்றிவிட்டதாக மிதப்பில் திரிந்தவன் நான்தான்.

அந்த செட்டிங் இன்னதென்று சொல்வதற்கு முன் டிஎன்எஸ் பற்றி இரண்டு வார்த்தை. மதுரையில் 'மேல வீதி' என்று மட்டும் சொல்லி ஆட்டோவில் ஏறிப் பாருங்கள். மேலச் சித்திரை வீதியா, மேல ஆவணி மூல வீதியா, மேல மாசி வீதியா, மேல வெளி வீதியா என்று ஆட்டோக்காரர் திரும்பிக் கேட்பார். கோயிலைச் சுற்றிச் சதுரத்துக்குள் சதுரமாக வீதிகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு திசை. பெயர் தெரிந்தால் போதாது, இடம் தெரிந்த ஆளும் வேண்டும். அதனால்தான் முக்குக்கு முக்கு டீக்கடையில் ஒருவர் வழி சொல்லியே பொழுதைக் கழிக்கிறார். இணையத்தில் அந்த டீக்கடைக்காரர்தான் டிஎன்எஸ். நாம் தளத்தின் பெயரைச் சொன்னால் அவர் எண் முகவரியைச் சொல்வார். ஆரம்ப காலத்தில் எல்லாப் பெயரும் ஒரே கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவில் ஒரு நிறுவனம் அதைப் பராமரிக்க, மற்றவர்கள் நகல் எடுத்துக்கொண்டார்கள். ஊர் பெருத்ததும் அது கட்டுப்படியாகவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் இப்போதுள்ள முறையை வகுத்தார்.

வகுத்தபோது ஒன்றை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை: கேள்வியும் பதிலும் மூடாத கடிதமாகவே போய் வரும். 53 என்ற போர்ட்டில், அதாவது வாசல் எண்ணில், தபால் அட்டை மாதிரி. வழியில் யார் கை பட்டாலும் படிக்கலாம். யார் கை பட்டாலும் பதிலை மாற்றியும் எழுதலாம். டீக்கடைக்காரருக்கோ யார் யார் எந்த வீட்டைத் தேடி வந்தார்கள் என்பது அத்துபடி. சொல்வதும் சொல்லாததும் அவர் இஷ்டம்.

பதிலை மாற்றி எழுதினால் என்ன ஆகும் என்பதை என் வீட்டிலேயே பார்த்தேன். பழைய ரவுட்டர் மின்னலில் போய்விட, தெரிந்தவர் ஒருவரிடமிருந்து பயன்படுத்திய ரவுட்டர் ஒன்றை வாங்கி மாட்டினேன். இரண்டு வாரம் கழித்து அம்மா, "தம்பி, ராசிபலன் பாக்கப் போனா என்னென்னமோ வருதுடா" என்றார். அம்மா போனில்தான் ஏதோ ஏறிவிட்டது என்று நினைத்தேன். பிறகு என் லேப்டாப்பிலும் பரிசு விழுந்தது, வைரஸ் இருக்கிறது என்றெல்லாம் பக்கங்கள் குதிக்க ஆரம்பித்தன. ரவுட்டருக்குள் நுழைந்து பார்த்தேன். யூசர் பெயர் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். டிஎன்எஸ் கட்டத்தில் கேள்விப்பட்டிராத இரண்டு வெளிநாட்டு எண்கள். எந்தக் காலத்தில் எவன் நுழைந்து எழுதினானோ, வீட்டில் எல்லாரும் இரண்டு வாரமாக அவனிடம்தான் வழி கேட்டிருக்கிறோம்.

இது புதுத் திருட்டும் இல்லை. டிஎன்எஸ்சேஞ்சர் என்ற நச்சு நிரல் உலகெங்கும் சுமார் 40 லட்சம் கணினிகளில் இதே வேலையைச் செய்தது. 2011 நவம்பரில் அமெரிக்க எஃப்பிஐயின் விசாரணையில் ஆட்கள் பிடிபட்டார்கள். ஆனால் திருட்டு சர்வர்களை உடனே அணைக்க முடியவில்லை. அணைத்தால் அத்தனை கணினிகளுக்கும் வழி தெரியாமல் போய்விடும். நீதிமன்ற அனுமதியோடு நல்ல சர்வர்களை அந்த இடத்தில் வைத்து, ஊருக்கெல்லாம் அறிவித்து, 2012 ஜூலை 9-இல்தான் நிறுத்தினார்கள். திருடன் நடத்திய டீக்கடையை அரசே ஆள் வைத்து எட்டு மாதம் நடத்தியது என்றால் பாருங்கள்.

ரவுட்டரை ரீசெட் பண்ணி, நல்ல பாஸ்வேர்டு போட்டு, அதை ஒரு துண்டுத் தாளில் எழுதி ரவுட்டரின் அடிவயிற்றில் ஒட்டினேன். அதோடு நிற்கவில்லை. சூடு கண்ட பூனை அல்லவா? குரோமில் செட்டிங்ஸ், அதில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் செக்யூரிட்டி, கீழே இறங்கினால் 'யூஸ் செக்யூர் டிஎன்எஸ்'. அதை ஆன் செய்து, பட்டியலில் இருந்த கிளவுட்ஃபிளேர் என்ற வெளி டிஎன்எஸ் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

இது தபால் அட்டையை உறைக்குள் போட்டு ஒட்டுகிற வேலை. பிரவுசர் தன் கேள்வியை எச்டிடிபிஎஸ் உறைக்குள் வைத்து, நாம் சொன்ன ஆளிடம் நேராகக் கொண்டுபோய்க் கொடுக்கும். டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ், சுருக்கமாக டிஓஎச். 2018 அக்டோபரில் ஆர்எஃப்சி 8484 என்ற இணையத் தர ஆவணமாக வந்தது. 443 போர்ட்டில், மற்ற எல்லா வலைப் போக்குவரத்தோடும் கலந்து போவதால் வெளியிலிருந்து பிரித்துப் பார்ப்பதும் கடினம். போன்களில் ஆண்ட்ராய்டு 9 முதல் இருக்கிற 'பிரைவேட் டிஎன்எஸ்' இதன் பங்காளி; அது பெரும்பாலும் 853 என்ற தனி போர்ட்டில் போகிறது. ரவுட்டரில் எவன் என்ன எழுதிவைத்தாலும் குரோம் அதைக் கேட்காது. அந்த வகையில் நான் செய்தது சரியான வைத்தியம்தான்.

இந்த இடத்தில் குரோம் ஒரு சின்ன மாயம் காட்டும். ஆன் செய்ததும், 'இப்போதுள்ள சேவையையே பயன்படுத்து' என்கிற மாதிரி ஒரு தேர்வு முதலில் நிற்கும். பலர் அதோடு விட்டுவிட்டு, பாதுகாப்பு வந்துவிட்டது என்று நினைப்பார்கள். குரோம் அப்போது செய்வது இவ்வளவுதான்: கணினியில் எந்த டிஎன்எஸ் எண் இருக்கிறது என்று பார்க்கும், அந்த எண்ணுக்கு உறை வாங்கும் வசதி உண்டு என்று தனக்குத் தெரிந்தால் உறையில் அனுப்பும், தெரியாவிட்டால் பழைய தபால் அட்டைதான். நம் வீடுகளில் பெரும்பாலும் ரவுட்டர் தன்னையே, 192.168.1.1 என்று, டிஎன்எஸ் ஆகக் காட்டிக்கொள்ளும். அதற்கு எங்கே உறை? ஸ்விட்ச் நீலமாக இருக்கும், வேலை நடக்காது. பட்டியலில் ஒரு பெயரைக் கையால் தேர்ந்தெடுத்தால்தான் குரோம் பிடிவாதமாக உறையிலேயே அனுப்பும்.

அந்தப் பிடிவாதம்தான் என்னை மூன்று நாள் அலைக்கழித்தது.

எங்கள் ஊர் உசிலம்பட்டி பக்கம். அங்கே 'மேலவீடு எது' என்று கேட்டால் சின்னப் பையன்கூட எங்கள் தாத்தா வீட்டைக் காட்டுவான். அதே கேள்வியை பெரியார் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற ஆட்டோக்காரரிடம் கேட்டால், மேல மாசி வீதியில் எவர் வீட்டிலாவது இறக்கிவிடுவார். அவர் மேல் குற்றம் இல்லை. ஊருக்குள் புழங்கும் பெயர் வெளியே வேறு. கம்பெனிகள் டிஎன்எஸ்ஸை இப்படித்தான் வைத்திருக்கின்றன. ஒரே பெயருக்கு உள்ளே ஒரு முகவரி, வெளியே ஒரு முகவரி. விபிஎன் இணைந்ததும் கம்பெனியின் டிஎன்எஸ் சர்வரைக் கணினிக்குக் கொடுத்துவிடும், 'இனி இவரிடம் வழி கேள்' என்று. கறுப்பு ஜன்னலில் பிங் அடித்தபோது கணினி அவரிடம் கேட்டது. 10-இல் தொடங்கும் உள் முகவரி கிடைத்தது. எட்ஜும் கணினியிடமே கேட்டது. என் குரோம் மட்டும் கம்பெனிக்காரரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உறையை எடுத்துக்கொண்டு கிளவுட்ஃபிளேரிடம் ஓடியிருக்கிறது. அவர் வெளியுலகத்துக்குத் தெரிந்த முகவரியைச் சொல்ல, குரோம் அங்கே போய்க் கதவைத் தட்ட, வாசலில் நிற்கிற காவல்காரர் 'அனுமதி இல்லை' என்றிருக்கிறார்.

வெளியே அந்தப் பெயரே இல்லாமல் இருந்திருந்தால் 'அப்படி ஒரு தளம் இல்லை' என்று பிழை வந்திருக்கும். சப்போர்ட்காரர் அரை மணி நேரத்தில் பிடித்திருப்பார். அரைகுறையாக ஒரு பக்கம் திறந்ததால்தான் எல்லாரும் அக்கவுண்ட்டைச் சந்தேகப்பட்டார்கள். இன்னொன்றும் உண்டு. கம்பெனி கொடுத்த லேப்டாப்களில் பிரவுசர் நிர்வாகத்தின் பிடியில் இருக்கும். அங்கே இந்த செட்டிங் சாம்பல் நிறத்தில் பூட்டிக் கிடக்கும். நான் ஒப்பந்தக்காரன், சொந்த லேப்டாப். சப்போர்ட்காரர் இப்படி ஒரு வியாதியையே பார்த்திருக்க வாய்ப்பில்லை.

கூச்சம் தரும் விஷயம் வேறு. மூன்று நாளாக, கம்பெனிக்குள் இருக்கிற சர்வரின் பெயரை வெளியாளிடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். உறைக்குள்தான், ஆனாலும் வெளியாளிடம். மற்ற உள் தளங்களுக்கெல்லாம் டெஸ்க்டாப் ஆப் இருந்ததால் இத்தனை நாள் மாட்டவில்லை. டைம்ஷீட்டை அந்தச் சித்திரையில்தான் புதுத் தளத்துக்கு மாற்றியிருந்தார்கள்.

இதை எல்லாம் கண்டுபிடித்த பெருமிதத்தில் குடும்ப வாட்ஸப் குழுவில் நாலு வரி எழுதிவிட்டேன். வினை அங்கிருந்து ஆரம்பம். திருமங்கலத்தில் இருக்கிற மாமா, ரிட்டயர்டு வாத்தியார், அன்று ராத்திரியே கூப்பிட்டார்.

"மாப்ள, நான் ஒரு விபிஎன் வாங்கிப் போட்டேன்ல, காசு கொடுத்து. அது லீக் ஆகுதுப்பா."

"எதை வச்சுச் சொல்றீங்க மாமா?"

"டெஸ்ட் பண்ற பக்கம் ஒண்ணு இருக்கு. அதுல போட்டா கிளவுட்ஃபிளேர்னு காட்டுது. நான் வாங்குனது வேற கம்பெனியில்ல? இவன் யாரு நடுவுல?"

மாமாவுக்கு விபிஎன் எதற்கு என்று கேட்கக் கூடாது. யூடியூபில் விளம்பரம் பார்த்தார், வாங்கினார். நான் போட்டிருக்கிறேன் என்று சொன்ன உறை செட்டிங்கையும் என் வாட்ஸப்பைப் படித்துவிட்டுத் தன் குரோமில் போட்டிருக்கிறார். 'போடாதீர்கள், மாட்டிக்கொண்டேன்' என்றுதான் எழுதியிருந்தேன். வாத்தியார் பாதியிலேயே பேப்பரை மூடிவிட்டார்.

மதுரையில் பிறந்தவர்களுக்குச் சுரங்கக் கதை தெரியாமல் இருக்காது. கோயிலிலிருந்து நாயக்கர் மகாலுக்கு ஒரு சுரங்கம் உண்டு என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தாத்தா சொல்லியிருப்பார். அதையே மாமாவுக்குப் பிடித்துக்கொண்டேன். "விபிஎன்ங்கிறது சுரங்கம் மாமா. வீட்டுக்குள்ள இறங்கி, அந்தக் கம்பெனி சர்வர் இருக்கிற ஊர்ல ஏறுறோம். கிளவுட்ஃபிளேர்கிட்ட கேக்கப் போற உறையும் சுரங்கத்துக்குள்ளதான் போகுது. அங்கிட்டு ஏறினப்புறம்தான் அவர்கிட்டப் போய்க் கேக்குது. இது லீக் இல்ல."

"அப்ப எதுதான் லீக்கு?"

"ரிசல்ட்ல நம்ம வீட்டு நெட் கம்பெனி பேரு வந்தா லீக்கு."

அதோடு ஊரையும் பார்க்கச் சொன்னேன். எனக்குத் தெரிந்து இந்தச் சோதனையில் மிகவும் உருப்படியான பகுதி அந்த ஊர்தான், பலர் அதைப் பார்ப்பதே இல்லை. கிளவுட்ஃபிளேர், கூகுள் போன்றவர்கள் ஒரே எண்ணை, 1.1.1.1 என்றோ 8.8.8.8 என்றோ, உலகமெங்கும் பல ஊர்களில் வைத்திருக்கிறார்கள். கேள்வி எங்கே வெளியே வருகிறதோ அதற்குப் பக்கத்திலிருக்கிற கடை பதில் சொல்லும். மாமா சிங்கப்பூரைத் தேர்ந்தெடுத்திருந்தால் சோதனையிலும் சிங்கப்பூர் பக்கம்தான் வர வேண்டும். சென்னையோ மும்பையோ வந்தால், உறை சுரங்கத்தில் இறங்காமல் தெருவழியே போயிருக்கிறது என்று அர்த்தம். பிரவுசரை மட்டும் சுரங்கத்துக்கு வெளியே விடும் 'ஸ்பிளிட் டனல்' வசதியை அறியாமல் தட்டியிருந்தால் அப்படி நடக்கும்.

மாமா பார்த்தார். "சென்னைன்னு போட்டிருக்கு."

மறுநாள் ஞாயிறு. பஸ் பிடித்துத் திருமங்கலம் போனேன். அத்தை பருத்திப்பால் கொடுத்தார். மாமா கம்ப்யூட்டரில் ஸ்பிளிட் டனல் ஒன்றும் இல்லை. விஷயம் ஐபிவி6. வீட்டு ஃபைபரில் பழைய ஐபிவி4 முகவரியும் புது ஐபிவி6 முகவரியும் சேர்ந்தே வந்தன. மாமா வாங்கிய விபிஎன் நான்கை மட்டும் சுமந்தது. ஆறைத் தெருவிலேயே விட்டிருந்தது. குரோம் கிளவுட்ஃபிளேரின் ஐபிவி6 முகவரியைப் பிடித்து ஜாம் ஜாமென்று தெருவழியே போய்வந்தது. விபிஎன் செட்டிங்கில் ஐபிவி6-ஐத் தடுக்க ஒரு பெட்டி இருந்தது, டிக் அடித்தோம். சோதனையில் சிங்கப்பூர் வந்தது. பத்து நிமிட வேலை. பருத்திப்பால் குடித்த நேரம்தான் அதிகம்.

விண்டோஸுக்கும் இதில் ஒரு பழைய துடுக்குத்தனம் உண்டு. வேகத்துக்காக, இருக்கிற எல்லா இணைப்புகளிலும் ஒரே நேரத்தில் வழி கேட்கும். எவர் முந்திச் சொன்னாலும் எடுத்துக்கொள்ளும். விபிஎன் பச்சையாக இருக்கும்போதே வீட்டு நெட்காரரிடமும் கேட்டுவிடும். ஓப்பன்விபிஎன்னில் இதை அடைக்கவென்றே ஒரு கட்டளை வைத்திருக்கிறார்கள். காசு வாங்குகிற விபிஎன்கள் பலவற்றில் 'டிஎன்எஸ் லீக் தடுப்பு' என்று எழுதியிருப்பது இந்த மாதிரி அடைப்பு வேலைதான்.

மாமாவிடம் சொன்னதில் அவருக்குப் பிடிக்காதது ஒன்றுதான். "சுரங்கத்துல போனா யாருக்கும் தெரியாது" என்று விளம்பரம் சொன்னதை அவர் அப்படியே நம்பியிருந்தார். சுரங்கத்தைத் தோண்டியவனுக்குத் தெரியும், மாமா. வீட்டு நெட்காரர் பார்த்துக்கொண்டிருந்ததை எல்லாம் இப்போது விபிஎன்காரர் பார்ப்பார். நம் நாட்டில் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவுப்படி விபிஎன் நடத்துகிறவர்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு விவரங்களை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும். கம்பெனிகள் தங்கள் ஊழியருக்குக் கொடுக்கும் விபிஎன் அதில் வராது. எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ப்ஷார்க், நார்ட்விபிஎன் போன்றவர்கள் அந்த வருடமே இந்தியாவிலிருந்த சர்வர்களை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். நான் எந்தப் பக்கமும் வாதாட வரவில்லை. யாரிடம் நம்பிக்கை வைக்கிறோம் என்று தெரிந்து வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

செக்யூர் டிஎன்எஸ்ஸும் முழு முக்காடு இல்லை. வழியை உறையில் கேட்டாலும், வீட்டு வாசலில் போய் நின்று பெயரைச் சொல்லித்தானே கூப்பிடுகிறோம்? தளத்தோடு பேச ஆரம்பிக்கிற முதல் செய்தியில் அதன் பெயர் திறந்தே போகிறது. எஸ்என்ஐ என்பார்கள். வீட்டு நெட்காரருக்கு அதுவே போதும். அந்தப் பெயரையும் மறைக்கும் இசிஎச் என்ற முறை 2023-இல் குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் வந்தது. தளத்துக்காரரும் சேர்ந்து செய்தால்தான் வேலை செய்யும், எல்லாரும் செய்வதில்லை. ஃபயர்பாக்ஸில் அதற்கு முதலில் டிஓஎச் ஆன் ஆகியிருக்கவும் வேண்டியிருந்தது. விபிஎன்னுக்குள் இருக்கும்போது வீட்டு நெட்காரருக்கு இது எதுவுமே தெரியாது. அப்படியிருக்க, விபிஎன்மேல் டிஓஎச்சையும் போட்டுக்கொள்வதில் கிடைக்கும் லாபம் சின்னது: விபிஎன்காரருக்கு நம் கேள்விகள் மட்டும் தெரியாமல் போகும், போகிற இடம் எப்படியும் தெரியும். நஷ்டம்? விபிஎன்காரர் தன் டிஎன்எஸ்ஸில் விளம்பரத்தையும் நச்சுத் தளத்தையும் வடிகட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தால் அது போய்விடும். கம்பெனி விபிஎன் என்றால் டைம்ஷீட்டே போய்விடும்.

மாமா இரண்டையும் போட்டால் இரண்டு பூட்டு என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் ஒரே வீட்டுக்கு ரெண்டு பேரிடம் வழி கேட்கிற வேலை அது. ஒருவர் கிழக்கே கை காட்டுவார், இன்னொருவர் மேற்கே.

ஃபயர்பாக்ஸ்காரர்கள் இதை யோசித்திருக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே நான்கு நிலை. சாதாரண நிலையில், விபிஎன்னோ பெற்றோர் கட்டுப்பாடோ கம்பெனிப் பிடியோ இருப்பதாகத் தெரிந்தால் தானாகவே ஒதுங்கிக் கணினியிடம் வழி கேட்கும். அடுத்த நிலையில் நாம் சொன்ன ஆளிடம் கேட்டு, கிடைக்காவிட்டால் கணினியிடம் வரும். உச்ச நிலையில் தானாகக் கணினியிடம் வராது, நம்மைக் கேட்டுவிட்டுத்தான் வரும். கடைசி, ஆஃப். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது விதிவிலக்குப் பட்டியல்: கம்பெனியின் டொமைன் பெயரை அதில் எழுதிவிட்டால் அந்தப் பெயர்களை மட்டும் கணினியிடம் கேட்கும். மேலவீட்டை ஊர்க்காரரிடம் கேட்பது, மற்றதை வெளியாளிடம் கேட்பது. குரோமின் அந்த செட்டிங் பக்கத்தில் இப்படி ஒரு பட்டியலைக் காணோம்.

உச்ச நிலையும் ஒருமுறை காலை வாரியது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். ஆஸ்பத்திரி காத்திருப்புக் கூடத்தில் இலவச வைஃபை. இணைந்ததும் போன் நம்பர் கேட்டு ஓடிபி அனுப்பும் பக்கம் வர வேண்டும். பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் வந்தது. எனக்கு மட்டும் வரவில்லை. அந்த மாதிரி பக்கங்கள் பல, தபால் அட்டையை வழிமறித்து, பதிலாகத் தன் முகவரியை எழுதிக் கொடுத்துத்தான் நம்மை இழுக்கும். ஏறக்குறைய என் ரவுட்டர் திருடன் செய்த அதே வித்தை. நான் அட்டையே அனுப்பாதவன். போனில் பிரைவேட் டிஎன்எஸ்ஸுக்கும் ஒரு பெயரைக் கையால் எழுதி வைத்திருந்தேன். அதுவும் 'சர்வரை அணுக முடியவில்லை' என்று முரண்டு பிடித்தது. அரை மணி நேரம் அங்கேயும் இங்கேயும் அலைந்துவிட்டு, இரண்டையும் தானியங்கிக்கு மாற்றினேன். ஓடிபி வந்தது. அதற்குள் அம்மா கண்ணில் பச்சைத் துணியோடு வெளியே வந்துவிட்டார்.

இப்போது வீட்டு நிலவரம் இது. கம்பெனி வேலைக்கு எட்ஜ், அதில் எதையும் தொடவில்லை. விபிஎன் என்ன சொல்கிறதோ அதுவே வழி. என் சொந்த உலாவலுக்கு ஃபயர்பாக்ஸ், நடு நிலையில், குவாட்9 தேர்ந்தெடுத்து, கம்பெனிப் பெயரை விதிவிலக்கில் போட்டு. குவாட்9 நச்சுத் தளங்களை வடிகட்டும், நிறுவனம் ஸ்விட்சர்லாந்தில் இருக்கிறது. எனக்கு அவ்வளவு போதும். போன் தானியங்கியில். ரவுட்டரில் 1.1.1.3 போட்டிருக்கிறேன், அக்கா பையன் லீவுக்கு வந்தால் வேண்டாத தளங்களை அது தடுக்கும். தன் பிரவுசரில் செக்யூர் டிஎன்எஸ்ஸை மாற்றினால் அதைத் தாண்டிவிடலாம் என்பதை அவன் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. இதை அவன் படிக்க மாட்டான் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

மாமாவின் குரோமில் செக்யூர் டிஎன்எஸ்ஸை அணைத்துவிட்டு, விபிஎன்னை மட்டும் விட்டுவைத்து வந்தேன். போன வாரம் கூப்பிட்டார்.

"மாப்ள, பேங்க் சைட்டு திறக்க மாட்டேங்குது. வெளிநாட்டுல இருந்து வர்றீங்களான்னு கேக்குது."

"சிங்கப்பூர்ல ஏறியிருக்கீங்க மாமா. பேங்குக்குப் போறப்ப விபிஎன்ன அணைச்சிட்டுப் போங்க."

"அணைச்சா பாதுகாப்பு?"

"பேங்க் சைட்டே பூட்டுப் போட்டுத்தான் வருது. அட்ரஸ் மட்டும் சரியா இருக்கான்னு பாருங்க."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. மவுஸ் சத்தம் மட்டும் கேட்டது.

"திறந்துருச்சு" என்றார். "அப்ப இதுக்கு எதுக்குடா வருசத்துக்கு இவ்வளவு காசு கட்டுறேன்?"

புதுப்பிக்கிற தேதி எப்போது என்று கேட்டேன். மூன்று மாதம் இருக்கிறதாம். நாள்காட்டியில் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.